சாட்சியத்துக்கு இலக்கணம் வகுத்த ஸ்டீபன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

முன்னுரை

கோவலன் கதையை அறியாத தமிழர் இல்லை. பொற்கொல்லன் ஒருவன் வந்து சொன்னான், பாண்டியன் நம்பினான், ஓர் உயிர் போயிற்று. குற்றம் சாட்டப்பட்டவனை அவைக்கு அழைத்து ஒரு வார்த்தை கேட்டாரில்லை. அவன் கையிலிருந்த சிலம்பை உடைத்துப் பார்த்தாரில்லை. கண்ணகி வந்து சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது முத்தன்று, மாணிக்கம் என்று காட்டிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. வாய்ச்சொல் வேறு, சான்று வேறு என்பதை நம் காப்பியம் அன்றே கண்ணீரோடு எழுதி வைத்துவிட்டது.

வழக்கு மன்றத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது, யார் சொல்லலாம், மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்றெல்லாம் வரையறுப்பதே சாட்சியச் சட்டமாகும். நிலத் தகராறு போன்ற உரிமையியல் வழக்காயினும், கொலை, கொள்ளை போன்ற குற்றவியல் வழக்காயினும் இதுவே அளவுகோல். 1872 முதல் 2024 வரை இந்திய நீதிமன்றங்களில் அந்த அளவுகோலாக விளங்கியது இந்தியச் சாட்சியச் சட்டம். அதை வரைந்தவர் சர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்னும் ஆங்கிலேயர் ஆவார்.

சட்டம் பயில்வோருக்கு அவர் பெயர் பழக்கமானது. அறிவியல் மாணவனாகிய நான் அவரைப் பற்றி எழுதப் புகுந்ததற்கும் காரணம் உண்டு. உண்மையைக் கண்டறியும் முறை எது என்ற கேள்வியை ஆய்வுக்கூடமும் கேட்கிறது, நீதிமன்றமும் கேட்கிறது. அந்தக் கேள்விக்கு ஏட்டில் சிறந்த விடை எழுதியவர் ஸ்டீபன். பின்னாளில் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தபோது அதே கேள்வியே அவரைச் சோதித்தது.

இளமையும் கல்வியும்

ஸ்டீபன் 1829ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் லண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தையாரும் ஜேம்ஸ் என்ற பெயருடையவரே. அவர் குடியேற்ற நாடுகளின் அலுவலகத்தில் உயர் பதவி வகித்தவர். 1833ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்த சட்டத்தை வரைந்தவர் அவரே. சனிக்கிழமை தொடங்கித் திங்கட்கிழமைக்குள் அதை எழுதி முடித்தார் என்று கூறுவர். சட்டம் எழுதும் கலை ஸ்டீபனுக்குக் குடும்பச் சொத்தாக வந்தது என்றால் அது மிகையாகாது.

புகழ்பெற்ற ஈட்டன் பள்ளியில் சேர்ந்த சிறுவன், விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து சென்று படித்த காரணத்தால் மற்ற மாணவர்களின் கொடுமைக்கு ஆளானான். பலமில்லாதவனுக்கு உலகில் இடமில்லை என்ற எண்ணம் அந்த வயதிலேயே அவன் நெஞ்சில் பதிந்தது. பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்றார். கேம்பிரிட்ஜில் உதவித்தொகைத் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். சாதாரணப் பட்டமே பெற்றார். மதிப்பெண்ணைக் கொண்டு ஒருவரின் எதிர்காலத்தைக் கணிப்போர் இதை நினைவிற் கொள்ளுதல் நலம். ஆனால் அங்கே அவருக்கு ஹென்றி மெய்ன் என்னும் சட்ட அறிஞரின் நட்பு கிடைத்தது. அந்த நட்பே பிற்காலத்தில் அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

வழக்கறிஞரும் எழுத்தாளரும்

1854இல் ஸ்டீபன் வழக்கறிஞரானார். மறு ஆண்டு மேரி கன்னிங்ஹாம் என்னும் அம்மையாரை மணந்தார். தொடக்கத்தில் வழக்குகள் அதிகம் வரவில்லை. எனவே இதழ்களுக்குக் கட்டுரை எழுதிக் குடும்பத்தைக் காத்தார். பகலில் நீதிமன்றம், இரவில் எழுதுகோல் என்று பல ஆண்டுகள் உழைத்தார். 1863இல் இங்கிலாந்தின் குற்றவியல் சட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தது.

அந்நாளைய ஆங்கிலச் சட்டம் ஒழுங்கான நூல் வடிவில் இருக்கவில்லை. பல நூற்றாண்டுத் தீர்ப்புகளில் அது சிதறிக் கிடந்தது. சாட்சியம் பற்றிய விதிகளோ இன்னும் மோசம். எந்தச் சாட்சியம் ஏற்கத்தக்கது என்று அறியப் பருமனான நூல்களைப் புரட்ட வேண்டும்; புரட்டிய பின்னும் தெளிவு பிறப்பது அரிது. சட்டம் என்பது சாதாரண மனிதன் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது ஸ்டீபனின் தீராத வேட்கை. அந்த வேட்கையைத் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு அவர் பிறந்த மண்ணில் கிட்டவில்லை, இந்தியாவில் கிட்டியது.

இந்தியாவில் இரண்டரை ஆண்டுகள்

ஆளுநர் தலைவரின் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினர் பதவியிலிருந்து மெய்ன் விலகியதும், அந்த இடத்துக்கு ஸ்டீபன் அழைக்கப்பட்டார். 1869 டிசம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார். 1872 ஏப்ரலில் நாடு திரும்பினார். இந்தக் குறுகிய காலத்தில் சாட்சியச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஆகிய மூன்று பெருஞ் சட்டங்கள் 1872ஆம் ஆண்டிலேயே நிறைவேறின.

அவர் வந்தபோது இந்நாட்டில் சாட்சியம் பற்றிய நிலை குழப்பமாக இருந்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மாநகரங்களின் உயர் நீதிமன்றங்களில் ஆங்கில விதிகள் வழங்கின. வெளியூர் நீதிமன்றங்களிலோ வழக்கம் பாதி, 1855ஆம் ஆண்டின் அரைகுறைச் சட்டம் பாதி, நீதிபதியின் மனப்போக்கு மீதி என்ற நிலை. இதைச் சீர் செய்ய 1868இல் ஒரு வரைவு தயாரிக்கப்பட்டது. அது இந்நாட்டுக்குப் பொருந்தாது என்று கைவிடப்பட்டது. ஸ்டீபன் அதைத் திருத்தவில்லை; முதலிலிருந்து புதிதாகவே எழுதினார். வழக்கறிஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பகுதிகள் மாற்றப்பட்டன. 1872 மார்ச் 15ஆம் நாள் சட்டம் நிறைவேறி, செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 167 பிரிவுகள். ஆங்கில வழக்கறிஞர் ஓர் அலமாரி நூல்களில் தேடியதை இந்திய முன்சீப் ஒருவர் ஒரு சிறு புத்தகத்தில் காண முடிந்தது.

சட்டம் நிறைவேறுவதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர்தான், பிப்ரவரி 8ஆம் நாள், ஆளுநர் தலைவர் மேயோ பிரபு அந்தமானில் ஷேர் அலி என்னும் கைதியால் கொல்லப்பட்டார். ஆட்சியாளர் மனத்தில் அச்சமும் சினமும் நிறைந்திருந்த நேரம். அந்த நேரத்திலும், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதுகாப்பான விதிகள் சட்டத்திலிருந்து நீக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டத்தின் சாரம்

இச்சட்டம் மூன்று பகுதிகளைக் கொண்டது. எதைப் பற்றிச் சாட்சியம் அளிக்கலாம் என்பது முதற்பகுதி. எவ்வாறு மெய்ப்பிப்பது என்பது இரண்டாம் பகுதி. யார் மெய்ப்பிக்க வேண்டும், சாட்சியை எவ்வாறு விசாரிக்க வேண்டும் என்பது மூன்றாம் பகுதி.

வழக்குக்குத் தொடர்பில்லாத எதையும் மன்றத்தில் நுழையவிடலாகாது என்பது அடிப்படை விதி. ஒருவன் கெட்டவன் என்பதற்காக அவன் இந்தக் குற்றத்தைச் செய்தான் என்று முடிவு கட்டலாகாது. கண்டதைக் கண்டவரே வந்து சொல்ல வேண்டும்; கேட்டதைக் கேட்டவரே சொல்ல வேண்டும். அவர் சொன்னார், இவர் சொன்னார் என்ற செவிவழிச் செய்தி பொதுவாக ஏற்கப்படுவதில்லை. ஏனெனில் மன்றத்துக்கு வராதவரைக் குறுக்கு விசாரணை செய்ய இயலாது. இறக்கும் தறுவாயில் ஒருவர் தம் மரணத்தின் காரணம் பற்றிக் கூறும் வாக்குமூலம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. அவரை மீண்டும் அழைத்துக் கேட்க வழியில்லை அல்லவா?

ஒரு செய்தியை மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு இச்சட்டத்தில் இல்லை. சாட்சிகளின் எண்ணிக்கையன்று, எடையே முக்கியம். பழைய தரும நூல்களில் சாட்சியாகும் தகுதி வருணத்தையும் பாலையும் பொறுத்து மாறியது. இச்சட்டத்திலோ, கேள்வியைப் புரிந்துகொண்டு விடை கூறக் கூடிய எவரும் சாட்சி சொல்லலாம். குழந்தையும் சொல்லலாம், முதியவரும் சொல்லலாம். பேச இயலாதவர் எழுத்தாலோ சைகையாலோ சாட்சியம் அளிக்கலாம்.

காவல் அதிகாரியிடம் அளிக்கும் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக மெய்ப்பிக்க முடியாது என்பது 25ஆம் பிரிவு. 1861ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்திலிருந்த இவ்விதியை ஸ்டீபன் தம் சட்டத்தில் நிலைநிறுத்தினார். அடித்து வாங்கிய சொல் உண்மையாகாது என்பதே இதன் உட்பொருள். ஏழை எளியவருக்கு இதைவிடப் பெரிய கவசம் வேறில்லை.

ஆயினும் எல்லாப் பிரிவுகளும் ஏழைக்குச் சாதகம் என்று கூறிவிட முடியாது. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்துவிட்டால், அந்த எழுத்தை மாற்றவோ மறுக்கவோ வாய்மொழிச் சாட்சியம் செல்லாது என்பது 92ஆம் பிரிவு. எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடக் கற்ற முதல் ஆள் நான். என் தந்தை, படித்துப் பார்க்க இயலாத தாளில் பெருவிரல் ரேகை வைத்துக் கடன் வாங்கியவர். வாயால் பேசிய வட்டி ஒன்று, தாளில் எழுதிய வட்டி வேறொன்று என்று பின்னால் தெரிந்தால் அவரைப் போன்றவர் என்ன செய்வார்? மோசடியோ மிரட்டலோ தவறோ நேர்ந்தது என்று காட்டலாம் என்று அதே பிரிவில் ஸ்டீபன் ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறார். ஆனால் அந்த வாயிலைக் கண்டுபிடிக்கவும் எழுத்தறிவு வேண்டியிருக்கிறது. சட்டம் எத்துணை நல்லதாயினும் கல்வி அதற்கு ஈடாகாது. கல்விக்குச் சட்டமும் ஈடாகாது. இரண்டும் சேர்ந்தாலே ஏழைக்கு விடிவு.

ஆய்வுக்கூடமும் நீதிமன்றமும்

சட்டத்தோடு அதற்கொரு முன்னுரை நூலையும் ஸ்டீபன் 1872இல் வெளியிட்டார். அறிவியல் மாணவர் அனைவரும் அறிய வேண்டிய செய்தி அதில் உண்டு. அறிவியலார் உண்மையைத் தேடும் முறையையும் நீதிபதி உண்மையைத் தேடும் முறையையும் அவர் அதில் ஒப்பிடுகிறார். இரண்டும் அடிப்படையில் ஒன்றே: தெரிந்ததிலிருந்து தெரியாததை அறிவது. ஆனால் அறிவியலாருக்கு ஒரு வசதி உண்டு. சோதனையை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம். விடை கிடைக்கும் வரை காத்திருக்கலாம். நீதிபதிக்கு அந்த வசதி இல்லை. நடந்த நிகழ்ச்சி மீண்டும் நடக்காது. வழக்கையும் காலவரையின்றி ஒத்திப்போட முடியாது.

நாம் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது முதற்சோதனையில் ஒரு குறி தென்பட்டதும் விடை எழுதிவிடுவதில்லை. உறுதிச் சோதனை செய்த பிறகே எழுதுகிறோம். நீதிமன்றத்தில் அந்த உறுதிச் சோதனைக்கு இடம் உண்டா? இந்தியாவுக்கு ஸ்டீபன் விட்டுச்சென்ற சட்டங்களில் உண்டு. செஷன்ஸ் நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்த பிறகே நிறைவேற்றலாம் என்னும் விதி அவர் காலத்துக்கு முன்பே இருந்தது. 1872ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. இன்றைய நடைமுறைச் சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆனால் அவருடைய தாய்நாட்டில் அந்நாளில் அப்படியொரு வழி இருக்கவில்லை. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

தாயகத்தில் தோல்விகள்

இங்கிலாந்து திரும்பிய ஸ்டீபன், இந்தியாவில் செய்ததை அங்கும் செய்ய முயன்றார். 1873இல் அவர் வரைந்த ஆங்கிலச் சாட்சிய மசோதா சட்டமாகவில்லை. அதே ஆண்டு டண்டீ தொகுதியில் தேர்தலில் நின்று தோற்றார். 1878, 1879 ஆண்டுகளில் அவர் உழைப்பில் உருவான குற்றவியல் சட்டத் தொகுப்பையும் ஆங்கில நாடாளுமன்றம் ஏற்கவில்லை. கனடா நாடு 1892இல் அதைத் தழுவித் தன் சட்டத்தை அமைத்துக்கொண்டது. நாடாளுமன்றம் ஏற்காவிட்டால் என்ன, நூலாகவே வெளியிடுவோம் என்று 1876இல் சாட்சியச் சட்டச் சுருக்கம் ஒன்றை வெளியிட்டார். பம்பாய் மாகாணத்தில் பணியாற்றிய விட்வொர்த் என்பவர் அவருடைய கோட்பாட்டில் குறை கண்டு எழுதியபோது, அதை ஏற்றுத் தம் நூலைத் திருத்திக்கொண்டார். அறிஞருக்கு அழகு இதுவே.

1879இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1883இல் ஆங்கிலக் குற்றவியல் சட்டத்தின் வரலாற்றை மூன்று பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். 1885இல் மகாராஜா நந்தகுமார் வழக்கைப் பற்றி இரு தொகுதிகள் எழுதினார். வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது லஞ்சப் புகார் கூறிய நந்தகுமார், போலி ஆவணக் குற்றத்துக்காக 1775இல் கல்கத்தாவில் தூக்கிலிடப்பட்டவர். தலைமை நீதிபதி இம்பே சதி செய்து அவரைக் கொன்றார் என்று மெக்காலே எழுதியிருந்தார். ஸ்டீபன் பழைய வழக்குப் பதிவேடுகளை எடுத்துச் சாட்சியங்களை வரிசையாக ஆராய்ந்து, இம்பே மீது அந்தப் பழி நிற்காது என்று முடிவு கூறினார். மறு ஆண்டே வங்காளத்தில் பணியாற்றிய பெவரிட்ஜ் என்பவர் அதை மறுத்து ஒரு நூல் எழுதினார். ஒரே பதிவேடு, இரண்டு முடிவுகள்! சான்றுகளை எடைபோடுவது தராசில் உப்பை நிறுப்பது போன்றதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மாறுபாடுகள் நிறைந்த மனிதர்

ஸ்டீபனை வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போவது வரலாற்றுக்கு நியாயமாகாது. இந்தியாவில் ஆங்கில ஆட்சி வெற்றியின் மேல் நிற்பது, அப்படியே நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுதந்திரக் கொள்கையை எதிர்த்து அவர் 1873இல் நூல் எழுதினார். இந்திய நீதிபதிகள் வெளியூர்களில் ஐரோப்பியரையும் விசாரிக்கலாம் என்று இல்பர்ட் மசோதா 1883இல் வந்தபோது, அதை எதிர்த்து லண்டன் நாளிதழில் எழுதினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் முத்துசாமி ஐயர் நீதிபதியாக அமர்ந்து தம் புலமையால் அனைவரையும் வியக்க வைத்திருந்தார். சாட்சிக் கூண்டில் இனவேறுபாடு பாராத சட்டத்தை எழுதியவர், நீதிபதியின் ஆசனத்தில் மட்டும் இனவேறுபாடு பார்த்தது வருந்தத்தக்கதே.

பாஷாண வழக்கு

1885இல் ஸ்டீபனைப் பக்கவாதம் தாக்கியது. ஓய்வெடுத்து மீண்டும் பணிக்குத் திரும்பினார். 1887இல் லிப்ஸ்கி என்னும் இளைஞன், ஒரு பெண்ணுக்கு நைட்ரிக் அமிலத்தைப் புகட்டிக் கொன்றதாக அவர் முன் விசாரிக்கப்பட்டான். தண்டனை விதித்த பின் அவன் நிரபராதியோ என்ற ஐயம் நாடெங்கும் எழுந்தது. ஸ்டீபனும் மன அமைதி இழந்தார். தூக்கிலிடப்படுவதற்கு முன்னாள் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அந்த ஐயம் அப்போது அடங்கியது.

அடுத்து வந்த சோதனை அப்படி முடியவில்லை. 1889 மே மாதம் லிவர்பூல் நகரில் ஜேம்ஸ் மேப்ரிக் என்னும் பருத்தி வணிகர் வயிற்று நோயால் இறந்தார். அமெரிக்காவில் பிறந்த அவர் மனைவி ஃபுளோரன்ஸ் பாஷாணம் கொடுத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். வேதியியலில் ஆர்செனிக் என்று நாம் படிக்கும் அதே நச்சுப் பொருள்தான். அவருக்கு அப்போது வயது 26. ஈக்களைக் கொல்லும் நச்சுக் காகிதங்களை அவர் வாங்கித் தண்ணீரில் ஊற வைத்திருந்தார். நோயாளிக்கென இருந்த இறைச்சிச் சாற்றிலும் பாஷாணம் காணப்பட்டது. வேறொருவருக்கு அவர் எழுதிய காதல் கடிதமும் அகப்பட்டது.

நண்பர்களே, இங்கு ஒரு வியப்பைக் கேளுங்கள். சாட்சியச் சட்டத்தின் பிரிவுகளை விளக்க ஸ்டீபன் 1872இல் சிறுசிறு எடுத்துக்காட்டுகளைச் சேர்த்திருந்தார். நஞ்சு கொடுத்துக் கொன்றதாக ஒருவர் மேல் வழக்கு. அத்தகைய நஞ்சை அவர் முன்னதாகத் தேடிப் பெற்றது தொடர்புடைய செய்தி என்பது ஒன்று. நஞ்சின் அறிகுறி தோன்றுவதற்கு முன் இறந்தவரின் உடல்நிலை எப்படி இருந்தது, அவருடைய பழக்கவழக்கங்கள் யாவை என்பவையும் தொடர்புடையவை என்பது மற்றொன்று. நஞ்சின் அறிகுறிகளைப் பற்றி வல்லுநர் கருத்தைக் கேட்கலாம் என்பது மூன்றாவது. பதினேழு ஆண்டுகளுக்குப் பின் இந்த மூன்றும் ஒரே வழக்காக உருவெடுத்து, எழுதியவர் முன்னாலேயே வந்து நின்றன!

முதல் எடுத்துக்காட்டு மனைவிக்கு எதிராகப் பேசியது. நச்சுக் காகிதங்களை வாங்கியவர் அவரே. முகத்துக்குப் பூசும் அழகு நீருக்காக வாங்கியதாக அவர் கூறினார். இரண்டாவது அவருக்குச் சாதகமாகப் பேசியது. இறந்த மேப்ரிக், பாஷாணம் கலந்த மருந்துகளைத் தாமே உட்கொள்ளும் பழக்கமுடையவர் என்று சாட்சிகள் கூறினர். மூன்றாவது இரு பக்கமும் பேசியது. வல்லுநர் சிலர் பாஷாணமே மரணத்துக்குக் காரணம் என்றனர், சிலர் அன்று என்றனர். 1836இல் மார்ஷ் கண்டுபிடித்த சோதனை முதலாகப் பாஷாணத்தின் சிறு துளியையும் கண்டறியும் வழிகள் அப்போதே இருந்தன. ஆனால் பாஷாணம் இருக்கிறதா என்றுதான் வேதியியல் சொல்லும். அதை உடலுக்குள் சேர்த்தது யார் கை என்று சொல்லாது. உடலில் கிடைத்த அளவோ, அதுவே உயிரைப் போக்கப் போதுமானதாக இருக்கவில்லை.

சான்றுகளை எடைபோட்டு ஜூரிகளுக்கு எடுத்துரைக்க வேண்டியவர் நீதிபதி. ஸ்டீபனின் தொகுப்புரை இரண்டு நாட்கள் நீண்டது. அதில் தேதிகளும் செய்திகளும் பிறழ்ந்தன என்று பின்னர்ப் பலரும் குறை கூறினர். எல்லாவற்றினும் பெரிய குறை, அப்பெண்ணின் ஒழுக்கக் கேட்டைக் கொலைக்குத் துணைச் சான்று போல அவர் வற்புறுத்தியது. கெட்டவள் என்பதற்காகக் கொலைகாரி என்று முடிவு கட்டலாகாது என்பதன்றோ சாட்சியச் சட்டத்தின் உயிர்? ஆகஸ்ட் 7ஆம் நாள் ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் குற்றவாளி என்றனர். மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது.

மேல்முறையீடு செய்ய நீதிமன்றம் இல்லை. தண்டனையை உறுதி செய்ய மேலான மன்றமும் இல்லை. முறையிட வேண்டிய இடம் உள்துறை அமைச்சர் ஒருவரே. அவர் தண்டனையை ஆயுட்காலச் சிறையாகக் குறைத்தார். நஞ்சு கொடுக்க முயன்றது உண்மை, ஆனால் மரணம் அதனால்தான் நேர்ந்ததா என்பது ஐயத்துக்குரியது என்பது அவர் கூறிய காரணம். அதாவது, விசாரிக்கப்படாத வேறொரு குற்றத்துக்காக அப்பெண் 15 ஆண்டுகள் சிறையில் கிடந்தார். 1904இல் விடுதலையாகி, 1941இல் அமெரிக்காவில் இறந்தார். அவர் குற்றவாளியா, நிரபராதியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

இறுதி நாட்கள்

ஸ்டீபனின் மனத்திறன் குன்றிவிட்டது என்ற பேச்சு வலுத்தது. மருத்துவர் அறிவுரைப்படி 1891 ஏப்ரலில் பதவி விலகினார். அரசு அவருக்குப் பாரனெட் பட்டம் வழங்கியது. மறு ஆண்டு, கவிஞராக விளங்கிய மகன் ஜேம்ஸ் கென்னத் இளமையிலேயே இறந்தார். அந்தத் துயரோடு 1894 மார்ச் 11ஆம் நாள் இப்ஸ்விச் நகரில் ஸ்டீபனும் கண் மூடினார். தம்பி லெஸ்லி ஸ்டீபன் அவர் வரலாற்றை மறு ஆண்டு நூலாக எழுதினார். அந்த லெஸ்லியின் மகளே, ஆங்கில இலக்கிய மாணவர்கள் அறிந்த வர்ஜீனியா உல்ஃப்.

குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியம் செய்து சாட்சி சொல்ல ஆங்கிலச் சட்டம் அந்நாளில் பொதுவாக இடம் தரவில்லை. இடம் தர வேண்டும் என்று ஸ்டீபன் தாமே வாதாடி வந்தவர். ஃபுளோரன்ஸும் சத்தியமின்றி ஒரு சிற்றுரை மட்டுமே ஆற்ற முடிந்தது. ஸ்டீபன் வேண்டிய மாற்றம் 1898இல் சட்டமாயிற்று. குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1907ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. முன்னதை ஸ்டீபன் காணவில்லை. இரண்டும் ஃபுளோரன்ஸுக்கு உதவவில்லை.

முடிவுரை

ஸ்டீபனின் சட்டம் கடல் கடந்தும் பரவியது. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம் அதைத் தழுவியதே. மலேசியா, சிங்கப்பூர் நாடுகளின் சாட்சியச் சட்டங்களுக்கும் அதுவே மூலம். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்னும் புதிய சட்டம் 170 பிரிவுகளோடு நடைமுறைக்கு வந்துள்ளது. மின்னணுப் பதிவுகளுக்கு அதில் விரிவான இடம் உண்டு. ஆயினும் பிரிவுகளின் எண்கள் மாறினவேயன்றி, பெரும்பாலான விதிகளின் உள்ளடக்கம் ஸ்டீபன் வகுத்ததே. செவிவழிச் செய்திக்குத் தடை, காவலரிடம் அளித்த ஒப்புதலுக்குத் தடை, எண்ணிக்கையை விட எடைக்கு மதிப்பு ஆகிய மூன்றும் அப்படியே நிற்கின்றன.

உண்மையை அறிய விதிகள் வேண்டும். ஆனால் விதிகளை எழுதிய அறிஞருக்கே அவற்றைக் கையாளும்போது கை நடுங்கலாம். நோய் வரலாம், வெறுப்பு கண்ணை மறைக்கலாம். ஆகவே எவ்வளவு பெரிய நீதிபதியின் தீர்ப்பையும் மற்றொருவர் மறுமுறை பார்க்க வழி இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் உறுதிச் சோதனை சில துளி அமிலத்தோடு முடிந்துவிடும். நீதிமன்றத்தில் அது தவறினால் ஒரு வாழ்க்கையே முடிந்துவிடும். பதினைந்து ஆண்டுகள் சிறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதற்குச் சாட்சி.